ஜாஸ் மேடையில் தமிழ்ப் பெயர்கள். ரசிகர் நாட்காட்டியில் மட்டும் இடமில்லை

கடந்த 2025 டிசம்பர் 27ஆம் தேதி புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நடந்த 'ஜன நாயகன்' இசை வெளியீட்டு விழாவை இந்நாட்டுத் தமிழர்கள் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்கள். ஒரு தமிழ்ப் படத்தின் பாடல் வெளியீட்டுக்கு நாட்டின் மிகப் பெரிய விளையாட்டரங்கமே தேவைப்பட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஏ.ஆர்.ரஹ்மான், யுவன் சங்கர் ராஜா, அனிருத் எனத் திரை இசையமைப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கோலாலம்பூருக்கு வந்து போயினர். டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளில் கைப்பேசியும் கையுமாகக் காத்திருப்பது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது.

அதே கோலாலம்பூரில், புக்கிட் பிந்தாங்கை ஒட்டிய ஜலான் மெசுயியில், 'நோ பிளாக் டை' என்றொரு சிறு இசைக்கூடம் 1998இலிருந்து பெயர் பெற்றது. ஜாஸ் இசைக்காகவே அறியப்பட்ட இடம் அது. புக்கிட் ஜாலில் அரங்கின் ஒரு மூலையில் அமரும் கூட்டத்துக்குக்கூட அங்கு இடம் போதாது. ஆனால் இந்நாட்டு இசைக்கலைஞர்களில் பலர் தங்கள் சொந்த இசையை, யாருடைய படப்பாடலுக்கும் நிழலாக இல்லாமல், வாசித்துக் காட்டியது இப்படிப்பட்ட சிறு கூடங்களில்தான்.

கிள்ளானிலோ சுங்கைப் பட்டாணியிலோ இருக்கும் ஓர் இசை ரசிகரை எடுத்துக்கொள்வோம். இவ்வாண்டு நேரில் பார்க்கப் போகும் நிகழ்ச்சிகள் எவை என்று கேட்டால் அவர் சொல்லும் பட்டியல் முழுக்கத் திரையிசையாகவே இருக்கும். அதில் குறை காண ஒன்றுமில்லை. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இன்று உலக ஜாஸ் மேடைகளில் தமிழ்ப் பெயர்கள் முன் வரிசையில் நிற்கின்றன. அந்தப் பெயர்கள் அவருடைய காதுக்கு வந்து சேரவே இல்லை.

முதலில் 'சக்தி' குழு. 1970களின் நடுப்பகுதியில் இங்கிலாந்து கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் தொடங்கிய இக்குழுவில் தபேலாவுக்கு ஜாகிர் உசேன், வயலினுக்கு எல்.சங்கர், கடத்துக்கு விக்கு விநாயக்ராம். சங்கரின் தந்தை வி.லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குப் போனது. இந்நாட்டில் யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட குடும்பங்கள் அறிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி இது. பின்னாளில் இக்குழுவில் மாண்டலின் உ.ஸ்ரீநிவாஸ் வாசித்தார். விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து சேர்ந்தார். பாடகர் சங்கர் மகாதேவன், வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலன் ஆகியோரும் இடம்பெற்ற 'திஸ் மொமெண்ட்' தொகுப்பு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி ஜாகிர் உசேன் காலமானார். சிறிய கஞ்சிராவும் மண் பானையும் கிட்டாருக்கு ஈடு கொடுத்து நின்ற கதை, தந்தையிலிருந்து மகனுக்கு வந்து, ஐம்பது ஆண்டுகளை எட்டியிருக்கிறது.

அடுத்து விஜய் ஐயர். 1971இல் நியூயார்க் மாநிலத்தில், தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் வயலின் கற்கத் தொடங்கியவர். பியானோவைப் பெரும்பாலும் தாமே பழகிக்கொண்டார். கல்லூரியில் படித்தது இயற்பியலும் கணிதமும். 2013இல் மெக்ஆர்தர் நல்கை, 2014இலிருந்து ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி என அவருடைய பயணம் நீள்கிறது. இன்றைய ஜாஸ் பியானோ கலைஞர்களில் பத்துப் பேரைச் சொல்லச் சொன்னால் அவர் பெயரை விட்டுவிட்டுப் பட்டியல் போடுவது கடினம். கிட்டார் பிரசன்னா, தபேலா நிதின் மிட்டா ஆகியோருடன் 2011இல் வெளியிட்ட 'தீர்த்தா' தொகுப்பில் கர்நாடக இசையின் சாயலைக் கேட்கலாம்.

மலேசியர்களுக்கு இதில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. விஜய் ஐயரின் இப்போதைய மூவர் குழுவில் டபுள் பேஸ் வாசிக்கும் லிண்டா மே ஹான் ஓ, 1984இல் மலேசியாவில் சீனக் குடும்பத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்தவர். 2021இல் 'அன்ஈசி', 2024இல் 'கம்பேஷன்' என இக்குழு இரு தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறது. தமிழ்ப் பெற்றோரின் மகன் பியானோவில், மலேசியாவில் பிறந்த பெண் பேஸில், கறுப்பின அமெரிக்கர் டைஷான் சோரி டிரம்ஸில். கோலாலம்பூரில் பெருமையோடு பேசப்பட வேண்டிய இக்கூட்டணியைப் பற்றி இங்கே பெரிதாக யாரும் பேசவில்லை.

பாடகி கானவ்யா இன்னும் நெருக்கமானவர். நியூயார்க்கில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்தவர். கதாகாலட்சேப மரபில் பயிற்சி பெற்றவர். 2024இல் வெளிவந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' தொகுப்பில் ஜாஸ் கலைஞர்கள் பலர் அவரோடு சேர்ந்தனர். விஜய் ஐயரும் அவர்களில் ஒருவர். கோயில் மண்டபத்தில் பாட்டி பாடிய மெட்டுப் போலத் தொடங்கும் குரல், பக்கத்தில் சாக்ஸபோன் வந்து சேர்ந்ததும் வேறொரு பாதையில் போகும். தமிழ் தெரியாத வெள்ளையரும் கறுப்பரும் அமைதியாக அமர்ந்து அதைக் கேட்கின்றனர்.

சாக்ஸபோன் என்றதும் 1994இல் வந்த 'டூயட்' படம் பலருக்கு நினைவுக்கு வரும். அப்படத்தில் அக்கருவியை வாசித்த கத்ரி கோபால்நாத், கச்சேரி மேடையில் ராகம் வாசித்தவர் மட்டும் அல்லர். 2008இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் 'கின்ஸ்மென்' என்ற தொகுப்பில் சரிக்குச் சரி நின்று வாசித்திருக்கிறார். 2019இல் அவர் மறைந்தபோது இங்கே வந்த அஞ்சலிச் செய்திகளில் திரைப்படமே பெரிதாக இருந்தது.

உள்நாட்டிலும் இதே கதைதான். டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 1979இல் 'ஏசியாபீட்' குழுவைத் தொடங்கினார். ஆசியத் தாள வாத்தியங்களையும் ஜாஸ் இசையையும் இணைத்து அனைத்துலக மேடை வரை கொண்டு போன மலேசியக் குழு அது. பியானோ கலைஞர் மைக்கல் வீரப்பன் இந்நாட்டு ஜாஸ் உலகில் மூத்த பெயர். சிங்கப்பூரில் ராணி சிங்கம் ஜாஸ் பாடகியாக அறியப்பட்டவர். அந்நாட்டு ஜாஸ் வட்டாரத்தின் தலைமகன் எனச் சொல்லத்தக்க ஜெரமி மொந்தேரோ 2002இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். பினாங்கிலிருந்து கிளம்பி மலாய்ப் பாடல் உலகையே கட்டியாண்ட 'அலிகேட்ஸ்' ஆறுமுகம் சகோதரர்களை எல்லாருக்கும் தெரியும். லோகநாதனும் டேவிட்டும் ஜாஸ் பாடகர்கள் இல்லைதான். ஆனால் இரவு விடுதி மேடையில் நாள்தோறும் வாசித்து வாசித்துத் தேறியவர்கள். சிறு மேடை என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

இத்தனை பேர் இருந்தும் தமிழ் ரசிகர் ஏன் அந்தப் பக்கம் போவதில்லை? 'ஜாஸ் நம்மவருக்குப் புரியாது' என்பது வழக்கமாக வரும் பதில். இது பாதிதான் உண்மை. பழைய தமிழ்ப் படங்களில் வில்லன் கோப்பையும் கையுமாக அமர்ந்திருக்கும் கிளப் காட்சிக்கு வாசிக்கப்பட்டதெல்லாம் பெரும்பாலும் ஜாஸ் சாயல் கொண்ட இசைதான். 1997இல் வந்த 'இருவர்' படத்தில் ரஹ்மான் அந்தக் காலத்து ஜாஸை அப்படியே மீட்டெடுத்தார். அப்பாடல்களைத் தமிழர்கள் ரசிக்கத்தான் செய்தனர். காதுக்கு அது அந்நியம் இல்லை. மனத்தில்தான் அதற்குக் 'குடி, கூத்து' என்ற முத்திரை விழுந்துவிட்டது.

இசை இலக்கணப்படி பார்த்தால் தமிழர்களுக்கு ஜாஸ் மற்றவர்களைவிட எளிதாகவே பிடிபட வேண்டும். கச்சேரியில் பல்லவியை எடுத்து, அதை நிரவல் செய்து, கற்பனைச் சுரம் பாடி, மீண்டும் பல்லவிக்கே வந்து நிற்பார்கள். ஜாஸ் குழுவும் முதலில் ஒரு மெட்டை வாசிக்கும். பிறகு ஒவ்வொருவராக அம்மெட்டின் அடிப்படையில் அந்த நேரத்துக் கற்பனையை விரிப்பார்கள். கடைசியில் எல்லாரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்துக் குறைத்துக்கொண்டே வருவதைப் போல, சாக்ஸபோனும் டிரம்ஸும் நான்கு நான்கு அளவாகப் பேசிக்கொள்வதும் உண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது, நடுநிசியில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தெருவில் நிற்க வைத்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அது மனோதர்மம் என்றால் இதுவும் மனோதர்மம்தான்.

இங்கேதான் நேரடி நிகழ்ச்சிகளின் வேறுபாடு வருகிறது. திரையிசை நிகழ்ச்சிக்குப் போகிறவர் ஒலிப்பதிவில் கேட்டதை அப்படியே கேட்க விரும்புகிறார். பாடகர் ஒரு சங்கதியை மாற்றினாலும் முணுமுணுப்பு எழும். எனவே ஒரு முறை பார்த்தால் போதும். ஜாஸ் ரசிகர் ஒரே குழுவை ஒரே ஆண்டில் நான்கு முறை பார்ப்பார்; நான்கு இரவும் அதே மெட்டு வேறு வேறு ஊருக்குப் போய் வந்திருக்கும். ஒருவருடைய நாட்காட்டியில் ஆண்டுக்கு ஒரு பெரிய நாள். இன்னொருவருடைய நாட்காட்டியில் மாதத்துக்கு ஒரு சிறு நாள். இசைக்கலைஞரின் பிழைப்பைத் தாங்குவது இரண்டாவது வகை ரசிகர்தான்.

பணக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். பெரிய நிகழ்ச்சியின் டிக்கெட் நூறு, இருநூறு ரிங்கிட்டில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் வாழும் ஒருவர் குடும்பத்தோடு போனால் அம்மாதம் துண்டு விழும். ஏற்பாட்டாளரைத் திட்டுவதில் பயனில்லை. கலைஞர்களின் ஊதியம், பல பேருக்கான விமானச் செலவு, அரங்க வாடகை, ஒலி ஒளி, பாதுகாப்பு, வெளிநாட்டுக் கலைஞர்களுக்குப் புஸ்பால் அனுமதி, அவர்களின் ஊதியத்தில் 15 விழுக்காடு பிடித்தம், பாடல்களுக்கான காப்புரிமைக் கட்டணம் என எல்லாம் ஒரே இரவின் வசூலில் அடங்க வேண்டும். வெளிநாட்டுச் செலவு டாலரில் பேசப்பட்டிருந்தால் நாணய மதிப்பும் சேர்ந்து அடிக்கும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டை நெருங்கியது. 1998க்குப் பின் ரிங்கிட் அந்த அளவுக்கு இறங்கியதில்லை.

சிறு கூடத்தின் கணக்கு வேறு. நூறு பேர் அமரும் இடம், ஆளுக்கு 60 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், முழுக்க நிரம்பினாலே வசூல் 6,000 ரிங்கிட். பாதி நிரம்பினால் 3,000. இதில் கூடத்துக்கு ஒரு பங்கு, ஒலிப் பொறியாளருக்கு ஒரு பங்கு போக, நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஆளுக்குச் சில நூறு ரிங்கிட் மிஞ்சினால் அதிர்ஷ்டம். நுழைவுக் கட்டணத்தை மட்டும் நம்பி இப்படி ஒரு கூடத்தை நடத்த முடியாது. ஆகவே உணவும் மதுவும் விற்றாக வேண்டும். மது விற்கும் இடத்துக்குத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்து வருவதில்லை. குடும்பங்கள் வராததால் கூட்டம் குறுகியே இருக்கிறது. கூட்டம் குறுகியிருப்பதால் மது விற்பனையை மேலும் நம்ப வேண்டியிருக்கிறது. சிக்கலின் முடிச்சு ரசனையில் இல்லை. இந்தச் சுழலில்தான் இருக்கிறது.

இதோடு நேரமும் தூரமும் சேர்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு மேல் தொடங்கும் நிகழ்ச்சி நள்ளிரவை ஒட்டி முடியும். கடைசி ரயிலைத் தவறவிட்டால், ரவாங்கிலிருந்து வந்த இளைஞருக்குத் திரும்பிப் போகும் செலவு டிக்கெட்டைவிட அதிகம். அறிவிப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில். தமிழ் வானொலியிலோ தமிழ் நாளிதழிலோ ஒரு வரி வருவது அரிது. சினிமா நிகழ்ச்சியின் விளம்பரமோ மூன்று மாதத்துக்கு முன்பே வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கூட்டரசுப் பிரதேசங்களில் 25 விழுக்காடாக இருந்த கேளிக்கை வரி, 2024 வரவு செலவுத் திட்டத்தில் வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உள்நாட்டுக் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்கு முழு விலக்கு அளிக்கப்பட்டது. மற்ற மாநிலங்களில் இவ்வரி மாநில அரசுகளின் கையில் இருப்பதால் கிள்ளானிலும் ஈப்போவிலும் ஜொகூர் பாருவிலும் கணக்கு வேறாகலாம். எப்படியாயினும் வரி விலக்கு, டிக்கெட் வாங்க ஆள் இருந்தால்தான் பயன்படும். காலியான நாற்காலிக்கு வரி கிடையாது, விலக்கும் கிடையாது.

சிங்கப்பூர் மறுமுனையிலிருந்து தொடங்கியது. 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி மதிப்புள்ள கலாசாரச் சலுகைத் தொகை 2025 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து கிடைக்கிறது. உள்நாட்டுக் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே அதைச் செலவிட முடியும். 2028 இறுதி வரை செல்லுபடியாகும். டெய்லர் ஸ்விஃப்ட் 2024 மார்ச்சில் ஆறு நாள் பாடியதற்கு அந்நாடு ஊக்கத்தொகை கொடுத்ததைப் பற்றி இப்பகுதி முழுவதும் பேசியது. இந்த நூறு வெள்ளியைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை. உள்ளூர் டிரம்ஸ் கலைஞருக்கு உதவுவது பின்னதுதான். எஸ்பிளனேட் கலையரங்கின் திறந்தவெளி மேடையில் இலவச நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அங்கு கோப்பை வாங்க வேண்டியதில்லை. தாத்தாவும் பேரனும் படிக்கட்டில் அமர்ந்து கேட்கலாம். மேலே சொன்ன சுழல் பொதுப்பணத்தால் அங்கே உடைபடுகிறது.

மலேசியாவில் அவ்வளவு பொதுப்பணம் இதற்கு வரும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் மது இல்லாத மண்டபங்களுக்குப் பஞ்சமும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981இலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களை ஆடல் பாடலுக்கு அழைத்து வந்து காட்டியிருக்கிறது. ஒவ்வொரு நகரிலும் கோயில் மண்டபம் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி மண்டபம் இருக்கிறது. பட்டிமன்றத்துக்கு இருநூறு பேர் வந்து அமரும் இடத்தில், மாலை ஆறரை மணிக்கு, உருமி வாசிக்கும் ஓர் இளைஞரையும் கீபோர்டு வகுப்பில் படித்த ஒரு பெண்ணையும் மூத்த ஜாஸ் கலைஞர் ஒருவரோடு உட்கார வைத்தால் அரங்க வாடகைகூடப் பெரிதாகாது. சங்கங்கள் ஆண்டு விழாவுக்குத் தமிழகத்திலிருந்து பாடகரை வரவழைக்கச் செலவிடும் தொகையில் இதைப் பல முறை நடத்தலாம்.

இதில் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். விஜய் ஐயருக்கு ஓர் இழப்பும் இல்லை. இழப்பு, தோட்டத்து உருமி மேளக் குழுவில் பதினாறு வயதில் கை தேர்ந்துவிட்ட பையனுக்கு. அவனுக்குத் தெரிந்த மேடைகள் இரண்டே: திருவிழா ஊர்வலம், திருமண விருந்து. முன்னதில் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. பின்னதில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தவறு செய்து, திருத்தி, சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடிக்க ஐம்பது பேர் கவனித்துக் கேட்கும் ஓர் அறை வேண்டும். வெளிநாட்டு நட்சத்திரத்தின் நிகழ்ச்சியில் அவனுக்குக் கிடைப்பது, பெரும்பாலும், கூட்டம் வந்து சேரும் வரை பத்து நிமிட முன்னோட்டம். 2006இல் யோகி பி & நட்சத்ரா குழு 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது தமிழ் ஹிப் ஹாப் இங்கிருந்து தமிழகத்துக்குப் போனது. அத்தகைய ஒன்று மறுபடியும் விளைய நிலம் வேண்டுமல்லவா?

நாட்காட்டியில் குறித்துக்கொள்ள விரும்பும் ரசிகருக்கு இடங்கள் இருக்கவே செய்கின்றன. ஏப்ரல் 30, யுனெஸ்கோ 2011இல் அறிவித்த அனைத்துலக ஜாஸ் தினம். அந்த வாரத்தில் தலைநகரின் இசைக்கூடங்கள் என்ன வைத்திருக்கின்றன என்று ஒருமுறை தேடிப் பார்க்கலாம். கூச்சிங் மழைக்காட்டு உலக இசை விழா 1998இலிருந்து நடந்து வருகிறது. அண்மைய ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் வந்தது. மிரியில் 2006இல் தொடங்கிய போர்னியோ ஜாஸ் விழாவும் உண்டு. பினாங்கில் 2004இல் தொடங்கி பத்து ஆண்டுகளுக்கு மேல் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் களைகட்டிய ஜாஸ் விழா நின்றுபோனது. அது நடந்த காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து படகேறிப் போனவர்களில் எத்தனை பேர் தமிழர்கள் என்பதை அவரவர் நண்பர் வட்டத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். கோலாலம்பூரிலிருந்து மிரிக்கு மலிவு விமானத்தில் போய் வரும் செலவும் விழா டிக்கெட்டும் சேர்ந்தாலும், புக்கிட் ஜாலிலில் மேடைக்கு முன்னால் போடப்படும் நாற்காலியின் விலையைத் தாண்டாமல் போகக்கூடும்.